உலக்கையில் சுற்றிய துணி

காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து உப்பு மூட்டையோடு மலையேறி வந்த மிஷன் வீட்டுச் சமையல்காரர், எங்கள் வாசலில் மூட்டையை இறக்கும் முன்பே சொல்லிவிட்டார்.

“கப்பலக்கா தவறிட்டாங்களாம் கண்ணு. அவங்க ஊர்லயே, காய்ச்சல்ல. கீழ ஆபீசுக்குத் தந்தி வந்திருக்குது.”

நான் மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தாமல் உரித்தேன். தோலை முறத்திலும் மொச்சையைக் குப்பையிலும் போட்டுக்கொண்டிருந்தேன் என்று அம்மா பிறகு சொன்னாள்.

அக்காவை அறிந்தவர்களே, நாளை ஞாயிற்றுக்கிழமை மிஷன் வீட்டில் அவருக்காகக் கூடும் கூட்டத்தில் உங்கள் முன் வாசிக்க இதை எழுதுகிறேன். அப்பா புரண்டு படுக்கும்போதெல்லாம் விளக்கைக் கையால் மறைத்துக்கொள்கிறேன். கூட்டத்துக்குப் போகிறவர்கள் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்கள் ஆனவர்கள் என்றே ஊர் எடுத்துக்கொள்ளும் என்று ஊர்க்கவுண்டர் சொல்லிவிட்டார். “அங்க போய் நின்னீன்னா பள்ளிக்கோடத்துக்கு அதோட முழுக்கு” என்று அப்பாவும் சொல்லிவிட்டார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. எங்கள் குடியிருப்பிலிருந்து பள்ளிக்குப் போகும் ஒரே பெண் நான்.

ஞானமணி டீச்சர் என்பது அக்காவின் பெயர். யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளியில் வேலை. லீவு விட்டதும் கப்பலேறி, ரயிலேறி, அடிவாரத்திலிருந்து நடந்து, எங்கள் மலையில் திண்ணனூர் நாட்டு மிஷன் வீட்டுக்கு வந்துவிடுவார். பகலில் புண் கழுவி மருந்து கட்டுவார். மாலையில் ஜெபம் நடத்துவார். கப்பலில் வந்தவர் என்பதால் எங்களுக்கு அவர் கப்பலக்கா.

“லீவு உட்டா கடலோரமா உக்காந்து காத்து வாங்கலாமில்லீங்களா? இங்க வந்து சீழத் தொடைக்கறீங்களே” என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

“கடல் என்ரை வீட்டுக்குப் பின்னாலதான் அம்மா இருக்கு. வருசம் முழுக்க அதின்ரை முகத்தைத்தானே பாக்கிறன்” என்றார் அக்கா.

அன்றன்று தமக்குக் கிடைத்ததற்கெல்லாம் மாலை ஜெபத்தில் பெயர் சொல்லி நன்றி கூறுவது அவர் பழக்கம். வழுக்கிய பாறைக்கு, அங்கே பிடித்துக்கொண்ட கைக்கு, பலாச்சுளைக்கு, மழை நின்றதற்கு. ஒருநாள் கண்ணைத் திறக்காமலே, “ஆண்டவரே, இரத்தம் குடிக்கிற அட்டைக்கு மட்டும் நன்றி சொல்ல நான் இன்னும் பழகேல்லை. கொஞ்சம் பொறும்” என்றார். ஜெபத்துக்கு வராமல் வேலிக்கு வெளியே நின்றிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

அந்தப் பழக்கத்தால்தான் எங்கள் வீட்டில் ஒரு தவறு செய்தார். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டு எழுந்தவர், அம்மாவைப் பார்த்துக் கைகூப்பி நன்றி சொன்னார். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

“ஏனுங்க, இனிமே எங்கூட்டுக்கு வரவே மாட்டீங்களா? இப்பிடிக் கும்புட்டு முடிச்சுட்டுப் போறீங்க?”

எங்கள் ஊரில் உண்ட வீட்டுக்கு யாரும் வாயால் நன்றி சொல்வதில்லை. சொன்னால் உறவை முடித்துக்கொண்டது போல. அந்த வீட்டின் அடுத்த வேலைக்குப் போய்க் கை கொடுக்க வேண்டும். அதை நான்தான் அவரிடம் மெதுவாகச் சொன்னேன்.

மறுநாள் விடியும்போது அக்கா எங்கள் உரலின் முன் நின்றார். “வாயால சொன்னால் அம்மாவுக்குக் கோவம். கையால சொல்லிப் பாப்பம்” என்று உலக்கையை எடுத்தார். பாதிச் சாமை வெளியே சிதறியது. அம்மா, “கோழிக்கெல்லாம் நல்ல நாளுங்க இன்னைக்கு” என்றாள். அக்காவின் உள்ளங்கை கொப்பளித்தது. ஆனாலும் விடவில்லை. தம் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்து உலக்கையில் சுற்றிக்கொண்டு குத்தி முடித்தார். அன்று முதல் எந்த வீட்டில் சாப்பிட்டாலும் மறுநாள் காலையில் அந்த வீட்டு உரலில் அவர் சத்தம் கேட்கும்.

ஊர்க்கவுண்டரின் காலில் ஆறாத புண் இருந்தது. சென்ற லீவு முழுவதும் அக்காதான் அதைக் கழுவினார். ஒருநாள் புண்காலை நீட்டியபடியே கவுண்டர் கேட்டார், “எத்தன பேர வேதத்துல சேக்கறதுக்கு வந்திருக்கீங்க?”

கட்டு மாற்றிக்கொண்டே அக்கா சொன்னார்: “நான் சொல்லுறதைக் கேட்டால் சந்தோசம் ஐயா. கேளாட்டிலும் உங்கட கால் ஆறும்வரைக்கும் விடமாட்டன். அசையாமல் இருங்கோ.”

புண் ஆறியது. இப்போது அவர் அந்தக் காலால்தான் வீடு வீடாக நடந்து, கூட்டத்துக்குப் போகக் கூடாது என்று சொல்லி வருகிறார்.

நான் வேதத்தில் சேரவில்லை. சேர்ந்தால் மறைக்கவும் மாட்டேன். ஆனால் ஊர் வழக்கம் எனக்கும் தெரியும். ஒருவர் இறந்தால், அவரால் நன்மை பெற்றவர்கள் உலக்கையோடு போய், கூடுகிறவர்களுக்குச் சாமை குத்திக் கொடுக்க வேண்டும். அக்காவுக்கு இந்த மலையில் மிஷன் வீட்டைத் தவிர வேறு வீடு இல்லை. அதனால் அங்கேதான் போவேன். இருட்டில் ஒளிந்து போகமாட்டேன். விடிந்த பிறகு, ஊர்க்கவுண்டரின் வாசல் வழியாகவே போவேன். தடுத்தால், “நம்மூரு வழக்கந்தானுங்க, நீங்களும் வரோணுமில்லீங்களா?” என்று கேட்பேன். பள்ளியை நிறுத்தினால் நிறுத்தட்டும். படித்தது போய்விடாது. வழக்கத்தை மறந்தவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

குத்தி முடித்த பிறகு இதை நானே வாசிப்பேன். குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா சுற்றிய துணி எங்கள் உலக்கையில் இன்னும் இருக்கிறது. அழுக்கேறிவிட்டது. அதை யாரும் அவிழ்க்கவில்லை. எனக்கென்று அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதுதான். கை எரிந்தாலும் பாதியில் விடாத அந்தப் பிடி.

உலக்கையை அம்மா எப்போதும் வீட்டுக்குள் மூலையில்தான் வைப்பாள். இன்று மாலை அதை வாசல் கதவருகே சாத்தி வைத்தாள். அப்பா பார்த்தார். “எதுக்கு அங்க வெக்கற?” என்றார்.

“காலைல வேலை இருக்குது” என்றாள் அம்மா.