சில்லென்று ஒரு வாய் பலா

முதலில் அது சின்னப் புண்தான். நாக்கின் இடது ஓரத்தில், கடைவாய்ப் பல் உரசுகிற இடத்தில் வந்தது. வெற்றிலை, புகையிலை எதையும் தொடாதவள் நான். பல்தான் கீறியிருக்கும் என்று தேன் தடவினேன், மணத்தக்காளிக் கீரையாகச் சமைத்துத் தின்றேன். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை எனக்கு. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், நான்கிலும் கடைசி 'ல்' வரும்போது நாக்கு சுருக்கென்றது. அரையாண்டுப் பரீட்சை முடியட்டும் என்று இருந்துவிட்டேன். இதைப் படிக்கிற யாருக்காவது வாயில் இரண்டு மூன்று வாரமாக ஆறாத புண் இருந்தால், தேன் பாட்டிலை மூடி வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

பயாப்சி (சதையில் சிறு துண்டை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். புற்று என்று வந்தது. "ஆரம்ப நிலைதாம்மா, எடுத்துடலாம்" என்றார் புதுச்சேரியில் நாங்கள் பார்த்த டாக்டர். நாக்கின் ஓரத்தை வெட்டி எடுத்தார்கள். அதன் பிறகு ரேடியேஷன் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வாரத்தில் ஐந்து நாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சொல்லிச் சொல்லியே வகுப்பை அடக்கியவள் நான். ஆண்டவருக்கும் அது கேட்டிருக்கிறது போல.

ரேடியேஷன் கொடுக்கும்போது ஒன்றுமே தெரியாது. மேசையில் படுக்க வேண்டும், முகமூடி போட்டு அசையாமல் இருக்க வேண்டும், எழுந்து வர வேண்டும். இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று தோன்றும். மூன்றாவது வாரம்தான் அது தன் வேலையைக் காட்டியது. மியூகோசைட்டிஸ் (வாயிலும் தொண்டையிலும் உள்தோல் வெந்து புண்ணாவது) என்றார்கள். எச்சில் விழுங்கினால் கண்ணில் தண்ணீர் வந்தது. கூடவே ருசியும் போனது. ரசம் சுண்ணாம்பாக இருந்தது, கஞ்சி சுண்ணாம்பாக இருந்தது, என் அருமை வற்றல் குழம்பும் சுண்ணாம்பாகத்தான் இருந்தது.

ஹாஸ்டலில் படித்த காலத்தில் லீவுக்கு வந்தால், வாசலில் பையைப் போடும்போதே அம்மாவிடம் "நாக்கு செத்துக் கெடக்கும்மா, காரசாரமா ஏதாவது பண்ணு" என்பேன். எல்லோரும் சொல்கிற பேச்சுதான் அது. நாக்கு நிஜமாகவே செத்தால் எப்படி இருக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

என் கணவருக்கு மைன்ஸில் ஷிப்ட் வேலை. பிள்ளைகள் வெளியூரில். ஆகவே முத்தாண்டிக்குப்பத்திலிருந்து அவருடைய அக்கா, என் நாத்தனார் லூர்து அண்ணி, துணிப்பையும் இரண்டு பலாப்பழமும் ஒரு பை முந்திரிப் பருப்புமாக வந்து இறங்கினார். பலாவும் முந்திரியும் அவர்கள் கொல்லையில் விளைந்தவை. வந்ததும் என் முகத்தைப் பார்த்தார். "இன்னா ஜெசி, எலும்பும் தோலுமா ஆயிட்ட. பேசாத, பேசாத. இத்தினி வருசம் நீ பேசன, இனிமே நான் பேசறேன்" என்றார். சொன்னபடியே பேசினார். அதில் குறையே வைக்கவில்லை.

அண்ணி பழத்தைப் பிளந்ததும் குவார்ட்டர்ஸ் முழுக்க வாசனை நிறைந்தது. எனக்கு நாக்குதான் போயிருந்தது, மூக்கு இருந்தது. அந்த வாசனையில் என் அப்பா, அம்மா, நாங்கள் வளர்ந்த பழைய பிளாக் எல்லாம் வந்துவிட்டன. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். பக்கத்து வீட்டுக்காரர்கள் சேலம், எதிர் வீட்டுக்காரர்கள் தஞ்சாவூர். ஒருவர் பேச்சை ஒருவர் கிண்டல் செய்துகொண்டே இருப்போம். ஆனால் பலாப்பழ சீசனில் எந்த வீட்டில் பழம் வெட்டினாலும் பிளாக்குக்கே தெரிந்துவிடும். மறைத்துத் தின்ன முடியாத பழம் அது ஒன்றுதான். சாயங்காலமானால் அப்பா கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு, செய்தித்தாளை விரித்து உட்காருவார். பிள்ளைகள் தட்டோடு வந்து சுற்றி நிற்போம். கொட்டை அடுத்த நாள் ஒவ்வொரு வீட்டுக் குழம்பிலும் கிடக்கும். இப்போது அந்த பிளாக்கில் யார் யாரோ இருக்கிறார்கள்.

எடை குறைந்துகொண்டே போனது. இன்னும் குறைந்தால் ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் உணவுக் குழாய்) போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது ஒன்றும் கொடுமையில்லை, எத்தனையோ பேரைக் காப்பாற்றுகிறது. தேவைப்பட்டால் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. வாயை ஒருமுறை மூடிவிட்டால் அது என்னை மறந்துவிடும் என்று பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் பெண்தான் ஸ்மூத்தி சொல்லிக்கொடுத்தார். குளிர்ச்சி புண்ணை மரத்துப்போக வைக்கும், குழைவு தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும் என்றார். ஆரஞ்சு, அன்னாசி கூடாது, எரியும். உங்கள் ஊரில் எந்தப் பழம் புளிக்காதோ அதைப் போடுங்கள் என்றார். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமா.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தை வில்லைகளாக நறுக்கி, பலாச்சுளையைக் கொட்டை நீக்கி நாரெடுத்துச் சின்னதாகக் கிள்ளி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். கல் மாதிரி ஆன பிறகு டப்பாவில் போட்டுக்கொள்ளலாம். அப்படியே டப்பாவில் திணித்து வைத்தால் ஒரே பாறையாகிவிடும், பிறகு அரிவாள்மணைதான். ஊறவைத்த முந்திரியைக் கொஞ்சம் பால் விட்டு முதலில் வெண்ணெய் போல அரைத்துக்கொள்ளுங்கள். அதில் உறைந்த பழத்தைப் போட்டு, மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். ஐஸ் கட்டி போடாதீர்கள், உருகினால் தண்ணீராகிவிடும். ஓரத்தை வழித்து வழித்து விட வேண்டும். அவசரப்பட்டால் மிக்ஸி நின்றுவிடும். என் கணவர் முதல் நாளே அதை நிறுத்தினார். "லோடு தாங்கல, ட்ரிப் ஆயிடுச்சி" என்று அடியிலிருந்த சிவப்புப் பட்டனை அழுத்தினார். மைன்ஸில் எவ்வளவு பெரிய மெஷினை ஓட்டினாலும் அடுப்படி மிக்ஸிக்கு முன்னால் அவர் டிரெய்னிதான்.

அவர் ஷிப்டுக்குப் போகும் முன் அரைத்து ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போவார். அண்ணி எடுத்துக் கொடுப்பார். முதல் இரண்டு நாள் நன்றாக இறங்கியது. அப்புறம் என்ன ஆனதோ, தம்ளரில் வருவது நீராக இருந்தது. வாயில் விட்டதும், வெட்டிய நாக்கு அதைப் பிடித்து நிறுத்துவதற்குள் தொண்டைக்குள் ஓடிப் புரையேறியது. இருமி இருமிப் புண் கிழிந்து ரத்தம் வந்தது. அண்ணி தலையில் தட்டினார், மாதாவைக் கூப்பிட்டார். அடுத்த வேளை நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கடுத்த வேளையும் திறக்கவில்லை. பயம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்த வாரம் எடை பார்த்தபோது டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "திங்கக்கிழமை வரைக்கும் பாக்கறேன். ஏறலன்னா குழாய்தான். என்ன குடுக்கறீங்க, எப்படிக் குடுக்கறீங்க?"

அண்ணிதான் பதில் சொன்னார். "தம்பி அரைச்சி வச்சிட்டுதாங்க போவுது. ஐஸா இருக்குதுங்க. ரெண்டு நாளு அப்பிடியே குடுத்தேன், நெஞ்சுல சளி கட்டிக்குமேன்னு பயமாப் போச்சி. அதனால சுடுதண்ணி குண்டான்ல வச்சி, சில்லு போனதுக்கப்புறம் கொஞ்சம் வெந்நீ கலந்துதாங்க குடுக்கறேன்."

எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கோபம் வந்தது. ஆனால் என்ன செய்வது, எங்கள் வீட்டிலும் தலை குளித்த நாளில் தயிர் தர மாட்டார்கள், காய்ச்சல் என்றால் குழாய்த் தண்ணீர்கூடக் கிடையாது. அண்ணி இடத்தில் என் அம்மா இருந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பார்.

டாக்டர் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. "அம்மா, கை வெந்துபோனா சுடுதண்ணி ஊத்துவீங்களா?"

"யாராச்சும் ஊத்துவாங்களா? பச்சத் தண்ணியில வைப்போம்."

"இவங்க வாய் வெந்துபோயிருக்கும்மா."

வண்டியில் திரும்பும்போது அண்ணி பேசவேயில்லை. அவர் பேசாமல் வருவது எனக்குக் குழாயைவிட பயமாக இருந்தது. வழியில் குள்ளஞ்சாவடி வந்ததும் டிரைவரை நிறுத்தச் சொன்னார். மார்க்கெட்டில் இறங்கி, கறுத்துப்போன பழமாகப் பார்த்து ஒரு சீப்பு பூவன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "வெந்நீ ஊத்தி உனக்கு எமனா ஆயிருப்பேன் ஜெசி" என்றார். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து மிக்ஸி அண்ணியின் கைக்குப் போனது. கரண்டியைக் கவிழ்த்தால் விழக்கூடாது, அதுதான் அவர் கணக்கு. தம்ளரை விட்டுவிட்டுக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தார். டீஸ்பூன் நுனியில் எடுத்து, நாக்கின் நல்ல பக்கமாக வைத்து, "மொழுங்கு. இப்ப மூச்சு வுடு. அடுத்தது" என்பார். சில்லென்று அது இறங்கும்போது சிறிது நேரம் வாய் என்னுடையதாக இல்லாமல் போகும், அதுவே சுகம். ருசி கிடையாது. வாசனையை மட்டும் வைத்துக்கொண்டு, பழைய பிளாக்கின் சாயங்காலத்தை நினைத்து விழுங்கினேன். திங்கட்கிழமை எடை ஏறவில்லை. ஆனால் இறங்கவுமில்லை. டாக்டர் இன்னொரு வாரம் கொடுத்தார். அப்புறம் குழாய்ப் பேச்சு எழவில்லை.

சிகிச்சை முடிந்தது. புண் ஆறியது. ருசி மட்டும் வரவில்லை. சிலருக்குச் சில மாதம் ஆகும், சிலருக்கு முழுசாக வராது என்றார்கள். உயிர் பிழைத்தவள் ருசிக்கு அழலாமா என்று கேட்பீர்கள். நான் அழுதேன். அண்ணி என்ன சமைத்துக் கொடுத்தாலும் "ம்" என்று சாப்பிட்டேன். அதைப் பார்க்கத்தான் அவருக்குப் பொறுக்கவில்லை. "உப்பு கம்மின்னாவது சொல்லேன்" என்பார். எதை வைத்துச் சொல்வது.

இப்போது நான் சாப்பிடுவதைப் பார்த்தால் உங்களுக்குப் பொறுமை போய்விடும். எச்சில் குறைவு, அதனால் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர். 'ல்' இன்னும் சரியாக வரவில்லை, வகுப்பில் பிள்ளைகள் பழகிவிட்டார்கள். முன்பெல்லாம் பள்ளி பெல்லுக்கு நடுவில் இட்லியை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவேன். இனி என் பொழுதை பெல் பிரிக்காது, விழுங்குவதுதான் பிரிக்கும். ஒரு வாய் நல்லபடியாக இறங்கிய பிறகுதான் அடுத்த வாயைப் பற்றி நினைக்கிறேன்.

பலா சீசன் முடிந்து வெகுநாள் கழித்து ஒரு சாயங்காலம். ஃப்ரீசரில் கடைசி டப்பா மிச்சமிருந்தது. வீட்டில் பால் இல்லை. அண்ணி தயிரை விட்டு அரைத்துக் கொண்டுவந்தார். ஒரு ஸ்பூன் வாயில் வைத்தேன்.

"புளிக்குது" என்றேன்.

"புளிக்குதா? மத்தியானம் ஒற ஊத்தன தயிருதான, அதுக்குள்ளயா? குடு, கொட்டிட்டு வாழப்பழம் மட்டும் போட்டு வேற அரைச்சினு வரேன்." கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அடுப்படி வாசல் வரை போனவர் அங்கேயே நின்றார். திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சொன்ன?"

"புளிக்குது அண்ணி."

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மடியிலிருந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டேன். இன்னொரு ஸ்பூன் அள்ளி, நாக்கின் நல்ல பக்கமாக வைத்து, கண்ணை மூடிக் காத்திருந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது.

அதுவும் புளித்தது.