நளீமின் சிவப்புப் படகும் கரையில் நட்ட பலகைகளும்

1. வாசலுக்கு வந்த முறைப்பாடு

"ராத்தா, நீங்க சிவப்புத்தானே அடிச்சீங்க?"

பரீதா என் வாசலில் நின்று இப்படிக் கேட்டபோது நான் பாண் துண்டைச் சம்பலில் தொட்டு வாயில் வைக்கப் போனேன். வைக்கவில்லை. வேலை முடித்துக் கொடுத்த பிறகு வாடிக்கையாளர் விடிந்தும் விடியாமலும் வாசலுக்கு வந்தால் அது பாராட்டுச் சொல்ல வந்ததாக இருக்காது.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. புத்தளம் டவுனில் நெடுங்காலம் கடைப் பெயர்ப் பலகைகள் எழுதிய நான், டிஜிட்டல் பிரின்ட் வந்து அந்தத் தொழிலை விழுங்கிய பிறகு, குறிஞ்சிப்பிட்டிக்கு வந்து படகுகளுக்குப் பெயின்ட் அடிக்க இறங்கியிருந்தேன். முதல் படகு பரீதாவின் புருஷன் நளீமுடைய புது பைபர் போட். அண்டர்கோட் போட்டு, அதன்மேல் இரண்டு கோட் சிவப்பு எனாமல். வெயிலில் பார்த்தால் கண் கூசும். அதைக் கடலில் இறக்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"ஓம், சிவப்புத்தான். ஏன், உரியுதா?" என்று கேட்டேன்.

"உரியல்ல. கறுப்பா வருது."

"எது?"

"போட்டுத்தான். போறப்ப சிவப்பாப் போகுது, வாறப்ப கறுப்பா வருது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பரீதா சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக் கதையைக் கேட்டேன்.

நளீம் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கடலுக்குப் போய் மறுநாள் விடியும் நேரத்தில் கரைக்கு வருகிறவர். முன்பு ஒருதரம் நடுக்கடலில் இஞ்சின் நின்று, படகு நீரோட்டத்தில் இழுபட்டுப் போய், இரண்டு நாள் தேடித்தான் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து பரீதா விடியமுன் சுபஹு தொழுததும் கரைக்கு வந்துவிடுவாள். தன் படகு எது என்று கண்ணுக்குத் தெரியும்வரை வீட்டுக்குத் திரும்ப மாட்டாள். பழைய படகு வெளிர் நீலம். தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும்போதே அதை அடையாளம் கண்டுவிடுவாள். புதுப் படகு வந்த பிறகு எல்லாம் தலைகீழாகிவிட்டது.

"கறுப்பு போட் ஒண்டு வருது, அது நம்மட இல்ல எண்டு நான் தூரத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறேன். இந்த மனிசன் கரையேறி, பின்னால வந்து நிண்டு, 'என்ன தேடுற?' எண்டு கேக்காரு."

நான் மறுபடியும் சிரித்தேன்.

"சிரிக்காதீங்க ராத்தா. அவரு வந்து முன்னால நிக்கிறவரைக்கும் என்ட உசிரு என்ட கையில இல்ல."

அதன்பிறகு நான் சிரிக்கவில்லை. எனக்கும் அதில் ஒரு பயம் இருந்தது. ஒரு பெண் கரையில் நின்று படகுக்குப் பெயின்ட் அடிப்பதை ஒரு மாதிரியாகப் பார்த்த கண்கள் பல. இன்னும் இரண்டு படகுக்காரர்கள், நளீமுடைய படகு எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். சொந்தப் பெண்சாதிக்கே அடையாளம் தெரியாத படகு என்று கதை பரவினால், என் பிரஷ்களைக் கழுவி அலுமாரியில் வைத்துவிட வேண்டியதுதான்.

2. எட்டு மணிக் கடல்

முதலில் பெயின்டைத்தான் சந்தேகப்பட்டேன். கல்பிட்டி ஹார்ட்வெயார் கடை பௌஸ் நானாவிடம் போய், அவர் தந்த சிவப்பு சரியில்லை என்றேன்.

"டின்னுல என்ன எழுதி இரிந்துச்சி?" என்று கேட்டார்.

"சிவப்பு."

"உள்ளுக்கு என்ன இரிந்துச்சி?"

"சிவப்பு."

"அப்ப கடலுக்குள்ள போய் அது கறுக்கிறத்துக்கும் நானா பொறுப்பு?"

வீட்டுக்கு வந்து என் சித்திரக் கொப்பிகளை எடுத்தேன். பலகை எழுதிய காலத்திலிருந்தே எனக்கு இந்தப் பழக்கம் உண்டு. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கடலோரத்திலோ களப்போரத்திலோ உட்கார்ந்து கண்ணில் படுவதைப் பென்சிலால் வரைவேன். பக்கத்தில் சின்னச் சின்னச் சதுரம் போட்டு, கண்ட நிறத்தைக் கலந்து பூசி வைப்பேன். களப்பின் தண்ணீர் ஒரு நாளும் நீலமாக இருந்ததில்லை என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தேன். கண்டல் மரத்து இலையின் மேல்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் இரண்டு வேறு பச்சை கலக்க வேண்டும். வெயில் காலத்தில் உப்புப் பாத்தித் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். இதையெல்லாம் எழுதி வைத்து, நிறத்தில் எனக்குத் தெரியாதது இல்லை என்று கொஞ்சம் பெருமையாகவும் திரிந்தேன்.

அந்தப் பெருமை அன்றைக்குக் கொப்பிகளைப் புரட்டியபோது இறங்கியது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நிழல் ஒரே நீளம். சுபஹு, தேத்தண்ணி, ரொட்டி, பிள்ளைகளின் சப்பாத்து, எல்லாம் முடிந்த பிறகுதானே நான் பென்சிலைத் தொடுகிறேன். என் கொப்பியில் இருந்த கடல் முழுவதும் எட்டு மணிக் கடல். பரீதா பார்க்கிற கடலை நான் ஒரு தரமும் வரைந்ததில்லை.

அன்று மஃரிப் நேரம் அவள் வீட்டுக்குப் போனேன். குத்துக்கம்பு வேலியோரத்தில் நின்று கதைத்துக்கொண்டிருந்தோம். வெளிச்சம் குறைந்துகொண்டே போனது. திடீரென்று பரீதா கதையை நிறுத்தினாள்.

"ராத்தா, எங்கட செவ்வரத்தையப் பாருங்க."

பூக்கள் கறுத்துப் போயிருந்தன. இலைகளில் மட்டும் இன்னும் வெளுப்பு இருந்தது. பகலில் இலையை மறைத்துக்கொண்டு சிவப்பாக எரிகிற அதே பூக்கள், இப்போது இலைக்குள் ஓட்டை விழுந்த மாதிரி இருந்தன. நாள்தோறும் அந்த வேலியைக் கடந்து போகிறவள் நான், ஆனால் கண்டுபிடித்தது அவள்.

"நாளைக்கு விடிய முன்னுக்குக் கரைக்கு வாங்க. பாத்துருவோம்" என்றேன்.

3. கரையில் நட்ட பலகைகள்

ஹாட்போர்ட் துண்டுகளுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், வெள்ளை என்று பூசி, ஒவ்வொன்றையும் ஒரு கம்பில் ஆணி அடித்துக்கொண்டு போனேன். எந்த நிறம் எந்த வெளிச்சத்தில் முதலில் தெரிகிறது என்று தூர நின்று பார்ப்பதுதான் எண்ணம். இடைவெளி ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, அதன் வழியே கம்புகளை மணலில் நட்டோம். பிறகு தென்னைகள் வரை நடந்து போய் நின்றோம். சூரியன் எங்கள் முதுகுப்பக்கம் இன்னும் வரவில்லை. நான் கொப்பியைத் திறந்து வரையத் தொடங்கினேன்.

எங்கள் புத்தி அவ்வளவுதான். அந்த நாட்களில் கல்பிட்டிக் கரையில் ஹோட்டல்கள் முளைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் எப்படித் தொடங்கும் தெரியுமா? விடியற்காலையில் யாரோ வந்து மணலில் நிறக் கம்புகள் நட்டு, கயிறு பிடித்து, கொப்பியில் எதையோ குறித்துக்கொள்வார்கள். அடுத்த மாதம் அந்த இடத்தில் முள்ளுக்கம்பி நிற்கும்.

பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்தவர்களுக்குக் கம்பு தெரிந்தது, கயிறு தெரிந்தது, கொப்பியோடு நானும் தெரிந்தேன்.

முதலில் வந்தவர் சாலிஹ் மாமா. அந்தக் கரையில் மூத்த சம்மாட்டி, சொந்தமாகப் பல படகு வைத்திருப்பவர். நேராகப் போய் ஒரு கம்பைப் பிடுங்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம்.

"எந்த ஹோட்டல்காரன், புள்ள, ஒங்கள அளக்கச் சொன்னது?"

"யாரும் இல்ல மாமா. இது பெயின்ட் பாக்கிறத்துக்கு."

"பெயின்ட் பாக்க மண்ணுல ஏன் கயிறு? எங்கட மீன் வாடி இரிக்கிற மண் இது. வந்த இடத்துல இரிந்துக்கிட்டு..."

மிச்சத்தை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குக் குத்தியது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்தவர்கள் நாங்கள். எவ்வளவு காலம் இருந்தாலும், ஒரு சண்டை என்று வந்தால் 'வந்த' என்ற அந்த வார்த்தை எங்கிருந்தாவது எழும்பி வரும்.

பரீதா அந்த மண்ணில் பிறந்தவள். அவள் எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, ஒங்கட கையில இரிக்கிற பலகை என்ன நிறம்?"

அவர் பலகையைப் பார்த்தார். "கறுப்பு."

"வடிவாப் பாருங்க."

"பாத்துட்டுத்தான் சொல்றேன். எனக்கென்ன கண் இல்லையா? கறுப்பு."

கூட்டத்திலும் கேட்டாள். எல்லோரும் கறுப்பு என்றார்கள். ஒருவர் மட்டும் கடும் நீலமோ என்று இழுத்தார்.

"சரி, அத வெச்சிக்கிட்டு அப்பிடியே நில்லுங்க. கொஞ்ச நேரத்துல அது வேற நிறம் ஆகல்லாட்டி, கம்பு எல்லாத்தையும் நானே புடுங்கி அடுப்புல வெக்கிறேன்."

சாலிஹ் மாமா பிடிவாதக்காரர். விட்டுக்கொடுத்ததாக ஆகக்கூடாது என்பதற்காகவே கம்பை நட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவு நேரம் சத்தம் போட்டவர்கள் எல்லாம் ஒரு பலகையைச் சுற்றி நின்று அதையே பார்த்தார்கள். தென்னைகளுக்குப் பின்னால் வானம் வெளுத்தது. மணலில் நின்றவற்றில் வெள்ளை முதலே தெரிந்திருந்தது, மஞ்சளும் நீலமும் பச்சையும் பிறகு தெளிந்தன. மாமாவின் கையிலிருந்த கறுப்பு மெல்லப் பழுப்பானது. பழுப்பில் ஒரு சூடு ஏறியது. சூரியன் வர முன்பே, அவர் கையில் பளிச்சென்ற சிவப்புப் பலகை ஒன்று இருந்தது.

அவர் பலகையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். விரலால் சுரண்டியும் பார்த்தார்.

"என்ன புள்ள இது, சூனியமா?"

"சூனியம் இல்ல மாமா. நம்மட கண்ணு" என்றேன். "வெளிச்சம் குறைஞ்சா கண்ணுக்குச் சிவப்புத்தான் முதல்ல தெரியாமப் போற. நீலமும் பச்சையும் அப்பவும் தெரியும். நளீம்ட போட் விடியல்ல கறுப்பா வாறதும் இதாலதான்."

யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சாலிஹ் மாமா சிரிக்கவில்லை. கம்பைக் கொண்டுபோய், பிடுங்கிய அதே குழியில் நட்டு, காலால் மணலை மிதித்து இறுக்கிவிட்டு வந்தார். அதற்கு மேல் அவரிடம் மன்னிப்பு எதிர்பார்ப்பது என் தவறு. எனக்கு அது போதுமாக இருந்தது.

4. வேலி

இனி என்ன நிறம் அடிப்பது என்பது கேள்வி. நான் வெளிர் நீலம் என்றேன். நளீம் கேட்கவில்லை.

"இந்தக் கரையில ஒரே ஒரு சிவப்பு போட் என்டதுதான். அத நான் மாத்த மாட்டேன்."

"ஒங்களுக்கு அது அழகு. எனக்கு உசிரு" என்றாள் பரீதா.

இருவருக்கும் நடுவில் நான் பிரஷோடு நின்றேன். கொப்பியில் அன்று காலை வரைந்த பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் விளங்கியது. விடியலில் சிவப்பு காணாமல் போகவில்லை. அது கறுப்பு வேலையைச் செய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். கறுப்புக்குப் பக்கத்தில் வெள்ளையை வைத்தால் அதைவிடத் தெளிவாகத் தெரிவது வேறு என்ன இருக்கிறது?

வெள்ளைக் கோடு நீளவாட்டில் பல படகுகளில் இருக்கிறது. அதனால் எப்படிப் போடுவது என்று பரீதாவிடமே கேட்டேன். அவள் மணலில் விரலால் மூன்று கோடு குத்தாக இழுத்தாள்.

"எங்கட வேலி மாதிரி."

படகைக் கரைக்கு இழுத்து, உப்பைக் கழுவி, சாண்ட் பேப்பர் போட்டு, முன்முனையான அணியத்தின் இரண்டு பக்கமும் மூன்று வெள்ளைப் பட்டைகளை அகலமாக அடித்தேன். பகலில் நளீமுக்குச் சிவப்பு குறையவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் என்னிடம் என்ன பிராண்ட், எத்தனை கோட் என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். கூடவே இதையும் சொல்கிறேன்: நிறத்தை டின்னில் பார்க்காதீர்கள். அதை யார் பார்க்கப் போகிறார், எந்த வெளிச்சத்தில் பார்க்கப் போகிறார் என்று கேளுங்கள். முடிந்தால் அந்த ஆளின் பக்கத்தில், அந்த நேரத்தில் போய் நின்று பாருங்கள். என் கொப்பியில் இப்போது ஒவ்வொரு நிறச் சதுரத்துக்குக் கீழும் நேரம் எழுதியிருக்கும்.

பெயின்ட் காய்ந்து படகு மறுபடி கடலுக்குப் போன மறுநாள், பரீதாவோடு நானும் இருட்டோடு கரைக்குப் போனேன். கொப்பியை மடியில் வைத்து, தெரிகிற படகுகளையெல்லாம் வரைந்துகொண்டிருந்தேன். எல்லாமே சாம்பல் புள்ளிகள். ஒரு புள்ளியில் மட்டும் வெள்ளையாக ஏதோ துண்டு துண்டாகத் தெரிகிற மாதிரி இருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன். வேலிதான்.

"அந்தா பாருங்க புள்ள" என்று திரும்பினேன். பக்கத்தில் யாரும் இல்லை. பரீதா தென்னைகளுக்கு நடுவே வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.

"எங்க போறீங்க? போட் இன்னும் எவ்வளவு தூரத்துல" என்று கூப்பிட்டேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தேத்தண்ணி வெக்கப் போறேன் ராத்தா. அவருதான் வந்துட்டாரே."