ரேடியேட்டரில் பதநீர்

போன வாரம் மகனின் காரில் சிவப்பு விளக்கு எரிந்தது. இன்ஜினைக் குளிர வைக்கும் சாமான்கள் மொத்தமும் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் ஒரு செலவுக் கணக்குத் தாளை நீட்டினார். அதைப் படித்த மகன் நாற்காலியில் சாய்ந்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முறைத்தான். அவனுக்கு என்ன தெரியும், சொல்லுங்கள்.

ஐம்பதுகளின் நடுவில் நான் செங்கல்பட்டு கோர்ட்டில் இளம் வக்கீல். கார் இருந்தால் கட்சிக்காரர்கள் தேடி வருவார்கள் என்று நம்பிப் பழைய வண்டி ஒன்றை வாங்கினேன். கட்சிக்காரர்கள் வந்தார்களோ இல்லையோ, ரேடியேட்டரிலிருந்து ஆவி தவறாமல் வந்தது. காதர் பாய் பட்டறையில் பற்றவைத்தோம், ஒழுகியது. புதிதாகவே மாற்றினோம், அதுவும் ஒழுகியது. மனைவி கமலத்துக்கு எடுக்க நினைத்த பட்டுப்புடவை அதற்குள்தான் போயிற்று.

“தலை தீபாவளி உங்க வண்டிக்குத்தான்” என்றாள்.

கமலம் செய்யாறுப் பக்கத்துப் பெண். கடலையே பார்த்ததில்லை. மகாபலிபுரத்துக்கு மூன்று முறை கிளம்பினோம். மூன்று முறையும் வண்டி திருக்கழுக்குன்றத்தைத் தாண்டவில்லை. மலைமேல் கழுகுகள் சாப்பிட வருவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். “கழுகுகூட நேரத்துக்கு வந்துடுது” என்றாள். பஸ்ஸில் போயிருக்கலாமே என்பீர்கள். கார்க்காரன் பஸ்ஸில் போவதா? அந்த வயது வீம்பு அது.

நான்காவது முறை, ஒரு சித்திரை மாதக் காலையில், அந்த ஊரைத் தாண்டியேவிட்டோம். சந்தோஷத்தில் நான் கத்திய கத்தலில் வண்டிக்குக் கண் பட்டிருக்க வேண்டும். இரண்டே மைலில் புஸ்ஸென்று ஆவி. சுற்றிலும் பனைமரங்கள். சொட்டுத் தண்ணீர் கிடையாது. நான் பானெட்டை ஒரு குத்துக் குத்திவிட்டுக் கையை உதறிக்கொண்டு நின்றேன்.

பக்கத்துப் பனையிலிருந்து பதநீர்க் குடுவையோடு இறங்கிய ஒருவர் கேட்டார்: “இன்னா சார், வண்டி பெருமூச்சு வுடுது? கெணறு தொலவுல கீது. பதநீருதான் கீது, ஊத்தட்டா?”

“ஐயோ, வேணாம்” என்றேன்.

“ஊத்துங்கண்ணே” என்றாள் கமலம். “இன்னைக்குக் கடலைப் பார்க்காம நான் திரும்ப மாட்டேன்.”

ஆற விட்டு ஊற்றினோம். ஓடியதே! வழியெல்லாம் வெல்லப்பாகு மணம். கமலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. மீன் கூடையோடு வந்த அம்மாள் மூக்கை உறிஞ்சி, “யார் வூட்டுக் கல்யாணம்? பாகு வாசனை தூக்குது!” என்றாள்.

கமலத்துக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மணலில் ஓடிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில்தான் திரும்பினோம். மாட்டுவண்டியில் கட்டி இழுத்துவந்த காரைப் பார்த்து காதர் பாய் தலையில் கைவைத்தார். “வக்கீல் சார், வெல்லம் காய்ச்சிகினு வந்துகிறீங்களே! இது கழுவினா போவாது. புச்சுதான் போடணும்.” எனக்கு அழுகை வந்தது. கமலமோ, “அடுத்த புடவையும் போச்சா? போகட்டும், கடல் பார்த்தாச்சு” என்றாள்.

அந்தச் சாலையில் எனக்குப் பெயர் தெரிந்தவர்கள் பத்துப் பேருக்குமேல் இருந்தார்கள். எல்லோரும் வண்டி நின்றபோது தண்ணீரோடு வந்தவர்கள். இப்போது மகன் அதே சாலையில் என்னை அரை மணியில் மகாபலிபுரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறான். கார்க் கண்ணாடியைக்கூட இறக்குவதில்லை.