முதுகுக்குப் பின்னால் மாறிய எண்

படகுத்துறையில் என் மருமகளுக்கு ‘சட்டுப்புட்டு’ என்று பெயர். பதினொரு வருடம் டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்து, ஆள் வாயைத் திறப்பதற்குள் சீட்டைக் கையில் வைத்தவள். அந்த வேலைக்கு நடுவிலேயே கம்ப்யூட்டர் படிப்பையும் படித்து முடித்தாள். ஆறு மாதத்துக்கு முன்னால் மேனேஜர் அவளை மாடி கம்ப்யூட்டர் அறைக்கு ஏற்றினார். ஏற்றும்போதே, “சரிப்பட்டு வரலைன்னா மறுபடி ஜன்னல்தாம்மா” என்று சொல்லிவிட்டார். அதனால் தன் குட்டி மெத்தையை ஜன்னல் நாற்காலியிலேயே விட்டுவிட்டுத்தான் மாடி ஏறினாள். போகிறபோதே திரும்பி வருகிற ஏற்பாடா என்று நான் திட்டினேன். கேட்டால்தானே!

விஷயம் இதுதான். எங்கள் துறையில் நான்கு மேடைகள். கடல் பக்கமென்பதால் ஆற்றில் நீர் ஏறும், இறங்கும். இறங்கினால் படகின் அடி மணலில் தட்டும். உடனே படகோட்டி வேறு மேடைக்குத் திருப்பிவிடுவார். எந்தப் படகு எந்த மேடை என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்கள். இப்போது காத்திருக்கும் கூடத்தில் பெரிய பெரிய திரைகளை மாட்டிவிட்டார்கள். அதில் காட்டுவதற்கு சாஃப்ட்வேர் வேண்டும். ஒரு கம்பெனியிடம் மூன்று வருடத்துக்கு வாடகைக்கு எடுப்பதா, நாமே எழுதிக்கொள்வதா என்று மேனேஜர் கேட்க, நானே எழுதுகிறேன் என்று இவள் கையைத் தூக்கிவிட்டாள்.

வீட்டில் எனக்கும் அவளுக்கும் வாக்குவாதம்.

“வாடகை வீட்டுல நம்ம இஷ்டத்துக்கு ஆணி அடிக்க முடியுமா அத்தை? ஒரு எழுத்து மாத்தணும்னாலும் அவங்க வாசல்ல போய் நிக்கணும்.”

“சொந்த வீடு ஒழுகினா யாருடி கூரை ஏறுறது? நீதான் ஏறணும். பேசாம வாங்கச் சொல்லு.”

“வாங்கிட்டா மாடியில நான் எதுக்கு? மறுபடி ஜன்னல்தான்.”

நான் அரிசி களையப் போய்விட்டேன். ஆனால் மனசை மாற்றிக்கொள்ளவில்லை.

எழுதிக் காட்டப் பத்து நாள் தவணை கிடைத்தது. அந்தப் பத்து நாளும் வெங்காயம் நறுக்கும்போதுகூட ஏதோ முணுமுணுத்தாள். ஒருநாள் காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. என் மகன் முகத்தைச் சுளிக்காமல் குடித்தான். பிழைக்கத் தெரிந்தவன்.

கம்பெனியுடையதையும் அவளுடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் சோதனை நாள் வந்தது. “நீங்க வராதீங்க அத்தை, எனக்கு வேலை ஓடாது” என்றாள். அக்கரையில் என் தங்கை இருக்கிறாள்; அவளைப் பார்க்கப் போகிற சாக்கில் ஒன்பது மணிப் படகுக்குச் சீட்டு வாங்கிவிட்டேன்.

கூடத்தில் இரண்டு திரைகள். ஒன்று கம்பெனியுடையது: மீன் நீந்துகிறது, வெயில் அடிக்கிறது, கடிகாரம் ஓடுகிறது. பளபளக்கிற ஷூவோடு கம்பெனிக்காரர் பக்கத்திலேயே நின்றார். மற்றது என் மருமகளுடையது: நீலத் திரையில் வெள்ளையாக ஒரே எண், ஆள் உயரத்துக்கு. எனக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். இரண்டு திரையிலும் மேடை எண் இரண்டு. நேரே இரண்டாம் மேடைக்குப் போய் வரிசையில் நின்றேன்.

நீர் இறங்கியது. படகின் கயிற்றைக் கரையில் கட்டுகிறவர் மாடிக்கு போன் போட்டு, “தங்கச்சி, படகு நாலுக்குப் போகுது” என்றாராம். இவள் தட்டினாள். இவள் திரையில் உடனே நான்கு! கம்பெனித் திரையில் அதே இரண்டு, அதே மீன். கம்பெனிக்காரர் காதில் போனை வைத்துக்கொண்டு தன் ஆபீசைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். மேனேஜர் கைதட்ட, இவள் கீழே கூடத்துக்கு ஓடி வந்து குதித்தாளாம்.

நாங்கள் நாற்பது பேர் இங்கே ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். படகு எங்களைத் தாண்டிப் போகிறது. நாலாம் மேடையிலிருந்து கயிற்றுக்காரர் இரண்டு கையையும் ஆட்டுகிறார். நல்ல மனிதர், தெரிந்தவர் என்று நானும் பதிலுக்குக் கையை ஆட்டினேன். கூடத்தில் திரையைப் பார்த்து ஓடிய ஏழு பேரை மட்டும் ஏற்றிக்கொண்டு படகு போயேவிட்டது.

விடுவிடுவென்று கூடத்துக்குள் நுழைந்தேன்.

“யாருடி எண்ணை மாத்துனது?”

“திரையில போட்டேனே அத்தை!”

“திரை எங்க இருக்கு? என் முதுகுக்குப் பின்னால! முதுகுல கண்ணா வச்சிருக்கேன்?”

மேனேஜரின் முகம் மாறியது. “அப்ப ரெண்டும் ஒண்ணுதான். கம்பெனியோடதையே எடுத்துக்கலாம், பாக்கவாவது அழகா இருக்கு.”

எனக்கு அப்போதுதான் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. அவளோ நேரே வெளியே போனாள். நான் நின்ற அதே இடத்தில் நின்றாள். ஆற்றைப் பார்த்தாள், திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள். பிறகு ஓடி வந்தாள்.

“சார், இன்னும் ரெண்டு மணி நேரம் நீர் இறங்கும். பதினோரு மணிப் படகு வரைக்கும் பொறுங்க!”

அப்புறம் பார்க்கவேண்டுமே! டிக்கெட் ஜன்னலில் கட்டணம் காட்டுகிற சின்னத் திரையைக் கழற்றினாள். கயிற்றுக்காரர் அதை இரண்டாம் மேடைக் கதவுக்கு மேலே, வரிசையைப் பார்த்தபடி, முடிச்சுப் போட்டுக் கட்டினார். ஜன்னலில் இருந்த எண் பட்டன் பெட்டியையும் நீள ஒயரோடு கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வெறும் தரையில் உட்கார்ந்து தட்டு தட்டென்று தட்டினாள்.

“தங்கச்சி, என் கை எப்பவும் ஈரம். தண்ணி பட்டா இது செத்துடாதா?”

“பிளாஸ்டிக் பை சுத்தியிருக்கேண்ணே. நீங்க ரிட்டயர் ஆனாலும் அது ஆகாது. படகை எங்க கட்டுறீங்களோ அந்த எண்ணை அழுத்துங்க, போதும்.”

பதினொரு மணிக்கு வரிசையில் முதல் ஆள் நான்தான். ஒருத்தரையும் முன்னால் விடவில்லை. படகு வந்தது, மூக்கைத் திருப்பியது. கயிற்றுக்காரர் ஒரு விரலால் அழுத்தினார்.

டிங்!

அத்தனை தலையும் நிமிர்ந்தது. கதவுக்கு மேலே மூன்று. வரிசை அப்படியே திரும்பி நடந்தது. கடைசியில் நின்றவன் முதல் ஆள், நான் கடைசி ஆள்! அநியாயம் என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஒருவர் விடாமல் ஏறிவிட்டோம். கரையில் அவள் இரண்டு கையையும் ஆட்டினாள். இந்த முறை அது எனக்குத்தான்.

அக்கரையிலிருந்து திரும்பியதும் மீதியைக் கயிற்றுக்காரர் சொன்னார். மேனேஜர், “அப்ப எல்லாத்தையும் நாமே எழுதிடலாமா?” என்று கேட்டாராம்.

“வேண்டாம் சார். மீன், கடிகாரம், விளம்பரம் எல்லாம் எழுத எனக்கு ஒரு வருஷம் ஆகும். கூடத்துக்கு அவங்களோடதை வாங்குங்க. மேடை எண்ணை மட்டும் நான் எழுதுறேன். அது அண்ணன் கையில இருக்கணும், வேற ஊர் ஆபீஸ்ல இருக்கக் கூடாது.”

அவள் அனுப்புகிற எண்ணைத் தங்கள் திரையிலும் காட்டக் கம்பெனிக்காரர் ஒப்புக்கொண்டார்.

“அப்ப நான் ஜன்னலுக்கா சார்?” என்று இவள் மெதுவாகக் கேட்டாளாம்.

“நாலு மேடைக்கும் திரை மாட்டணும். ஜன்னல்ல உட்கார்ந்துட்டு அதை யாரும்மா பாக்குறது?”

சாயங்காலம் அக்குளில் அந்த ஜன்னல் மெத்தையோடு வீட்டுக்கு வந்தாள். “பாத்தீங்களா அத்தை, நான் எழுதுனதுதான் ஜெயிச்சுது!”

“பாதியை வாங்கினீங்கல்ல? நான் அதைத்தானே சொன்னேன்.”

“விழுந்தாலும் மீசையில மண் ஒட்டலையாம்” என்றான் என் மகன்.

எனக்கு ஏது மீசை? மாடி நாற்காலியிலேயே மெத்தை இருக்கிறதாம். அதனால் இதை என் நாற்காலியில் போட்டுவிட்டாள். பதினொரு வருடத்தில் அப்பளமாகத் தட்டையாகியிருக்கிறது. இருந்தாலும் திருப்பிக் கொடுப்பதாக இல்லை.