பொம்மைக்கு ஞானஸ்நானம்

அந்தப் பகுதியில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதலில் தெரிவது ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குத்தான். அவள் ஒட்டுக் கேட்பதில்லை, யாரையும் துருவி விசாரிப்பதுமில்லை. காலை செபம் முடிந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து வீட்டுச் செய்தி ஒன்று சொல்லவேண்டும் என்பது அந்தக் கத்தோலிக்கப் பள்ளியின் வழக்கம். கூச்சம் போகும், பேச்சு வரும் என்று எந்தக் காலத்திலோ ஒரு சிஸ்டர் தொடங்கி வைத்தது. கூச்சம் போனதென்னவோ உண்மை. பூனை குட்டி போட்டது, அப்பா சோப்பை மிதித்து விழுந்தது, கோபித்துக்கொண்டு வந்த சித்தி இன்னும் கிளம்பாமல் இருப்பது எல்லாம் சபைக்கு வரும். டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நல்ல செய்தி, உக்காரு," என்பாள்.

மற்றபடி அவள் வேலை ஷூ கயிறு கட்டிவிடுவது, விழுந்த பல்லைத் தாளில் மடித்துப் பைக்குள் வைப்பது, யார் யாரைக் கிள்ளினார்கள் என்று தீர்ப்பு சொல்வது. இடையில் கிடைக்கிற நேரத்தில் எழுத்தும் சொல்லிக் கொடுப்பாள். பள்ளிக்குக் கிளம்ப அலுத்துக்கொண்ட நாளே அவளுக்குக் கிடையாது. பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவர்தான் கணவர். பிள்ளைகளுக்கு அவர் பஸ் மாமா. கல்யாணமாகிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் தங்களுக்கென்று ஒரு பிள்ளை இல்லை. அந்தக் குறை இருந்தது, ஆனால் அதை வைத்து அவள் யாரிடமும் மூக்கைச் சிந்தியதில்லை.

இருவரும் பேசி முடிவு செய்து தத்தெடுக்க ஒரு குழந்தைகள் இல்லத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். காத்திருந்து கண் பூத்துப்போன நேரத்தில் அந்த வாரம் அழைப்பு வந்தது. எட்டு மாதப் பெண் குழந்தை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவர்களுக்குப் போய்விடும். சரி என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. குறுக்கே அத்தை நின்றார்.

அத்தை என்றால் அவளுடைய மாமியார். பள்ளிக்கு எதிரில் சீருடை தைக்கும் கடை அவருடையது. கழுத்தில் அளவு நாடா, உதட்டில் குண்டூசி. புதிதாகச் சேருகிற எந்தப் பிள்ளையும் அவர் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாகவேண்டும். கெட்ட மனுஷி இல்லை. ஊர் வாய்க்குப் பயந்தவர், அவ்வளவுதான்.

"யார் பெத்ததோ, எங்க பொறந்ததோன்னு பேசுவாங்க," என்றார். "வெறும் வாய மெல்றவங்களுக்கு அவல் கொடுத்த மாதிரி ஆயிடும். கோயில்ல முன் பெஞ்சுல உக்கார்றவ நான். என் முதுகுக்குப் பின்னால குசுகுசுன்னு பேசினா எனக்குத் தாங்காது."

"அம்மா, ரெண்டு பல்லு மொளச்சிருக்காம். யாரப் பார்த்தாலும் சிரிக்குதாம்," என்று மகன் ஆரம்பித்தார். அத்தை தையல் மெஷினை ஓங்கி மிதித்தார். அந்தக் கடகடப்பில் பேச்சு அடங்கிப்போனது.

அத்தையை மீறிச் சரி சொல்லிவிடலாம் என்றார் கணவர். டீச்சருக்குத்தான் மனம் வரவில்லை. வேண்டா வெறுப்பாகப் பார்க்கும் ஒருவர் இருக்கிற வீட்டுக்கு அந்தப் பிள்ளையை எப்படிக் கூட்டி வருவது? நாள் நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மறைக்கல்வி வகுப்பில் ஞானஸ்நானம் பற்றிய பாடம். பொம்மையை வைத்துச் செய்து காட்டுவது வருடா வருடம் நடப்பதுதான். வகுப்புப் பொம்மைக்கு ஒரு கண் மூடும், ஒரு கண் மூடாது. அதற்கு வெள்ளைத் துணி சுற்றி, கிண்ணத்தில் தண்ணீரும் ஒரு மெழுகுவர்த்தியும் வைத்தார்கள். பங்குச் சாமியாரே வந்துவிட்டார். சடங்கில் பிள்ளையை ஏந்தி நிற்கும் ஞானத்தாய் யார் என்பது சீட்டுப் போட்டு முடிவானது. ஆசிரியர் அறையில் 'மைக்செட்' என்று பெயர் வாங்கிய குட்டிப் பெண்ணுக்கு அந்தப் பதவி கிடைத்தது. ஆனால் பொம்மைக்கு அம்மா யார் என்பதில்தான் சண்டை மூண்டது. ஒருத்தி அழ, அதைப் பார்த்து நான்கு பேர் அழ, வகுப்பே இரண்டுபட்டது.

"யாரும் அழாதீங்க. நானே அம்மா," என்றாள் டீச்சர்.

அழுகை நின்றது. "அப்பா?" என்று ஒருத்தன் கேட்டான். பஸ் மாமா அந்த நேரம் பார்த்து ஜன்னல் கொக்கியைச் சரி பண்ணிக்கொண்டிருந்தார். கையில் ஸ்குரூ டிரைவரோடு அவரை இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்தினார்கள்.

"இந்தக் குழந்தைக்காகத் திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள்?" என்று சாமியார் பாவனையாகக் கேட்டார்.

"ஞானஸ்நானம்," என்றாள் டீச்சர். சொல்லிக்கொண்டே பொம்மையின் வெள்ளைத் துணியை இழுத்துச் சரிசெய்தாள். பக்கத்தில் கணவர் ஸ்குரூ டிரைவரை உற்றுப் பார்த்தபடி நின்றார். பிள்ளைகள் கைதட்டி ஆளுக்கொரு மிட்டாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

போனவர்கள் சும்மாவா இருப்பார்கள்? காலையில் வீட்டுச் செய்தி பள்ளிக்கு வருகிறதென்றால், மாலையில் பள்ளிச் செய்தி வீட்டுக்குப் போகாதா? "டீச்சருக்குப் பாப்பா வந்திருக்கு. சாமியார் வந்து தண்ணி ஊத்தினாரு. பஸ் மாமாதான் அப்பா. நான்தான் ஞானத்தாய்!" என்று மைக்செட் தெரு முழுக்க அறிவித்துவிட்டாள். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. பொம்மை என்பதை மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. அவர்கள் கணக்கில் அது பெரிய விஷயமே இல்லை.

புதன்கிழமை காலை டீச்சர் பள்ளி வாசலில் கால் வைக்கவும், ஒரு தாய் கை நிறையப் பையோடு ஓடி வந்தாள். பைக்குள் சின்னச் சின்னச் சட்டைகள், காலுறைகள்.

"ஒரு வார்த்த சொல்லலையே டீச்சர்! வயிறே தெரியலையேன்னு நானும் யோசிச்சேன். அப்புறம்தான் எங்க வீட்டுக்காரர் சொன்னாரு, தத்தெடுத்திருப்பாங்கன்னு. ராத்திரியெல்லாம் எங்க வீட்டுல இதே பேச்சுதான். அவ்வளவு சந்தோஷம்!"

பின்னாலேயே ஒருவர் நடைவண்டியைத் தோளில் தூக்கி வந்தார். காவலாளி வாயெல்லாம் பல்லாகக் கும்பிட்டார். தலைமையாசிரியை சிஸ்டர், "எங்கிட்டகூட மறச்சிட்டியே," என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டார். "இல்ல, அது வந்து..." என்று டீச்சர் இழுத்தாள். குழந்தை இல்லை என்று சொன்னால் தீர்ந்தது. அதைச் சொல்லத்தான் அவள் நாக்கு எழவில்லை.

அப்போதுதான் அவளுக்குப் பகீரென்றது. வாசலில் பேசி முடித்தவர்கள் எல்லாரும் சாலையைத் தாண்டி நேரே அத்தை கடைக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். போச்சு! என்னை மடக்கத்தான் இவள் பிள்ளைகளை விட்டு ஊரெல்லாம் பரப்பியிருக்கிறாள் என்றுதானே அத்தை நினைப்பார்? இருந்த கொஞ்ச நஞ்ச நம்பிக்கையிலும் மண் விழுந்தது.

அன்றைக்கு வீட்டுச் செய்தி நேரத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பது அவள் காதில் ஏறவே இல்லை. ஒரு பையன், "எங்க மாமா வேலைய விட்டுட்டாரு," என்றதற்கும் "நல்ல செய்தி, உக்காரு," என்றுவிட்டாள். ஜன்னல் வழியே பார்த்தபோதெல்லாம் கடையில் கூட்டம். சாப்பாட்டு மணி அடித்ததுதான் தாமதம், சாலையைக் கடந்து ஓடினாள்.

கடை வாசலில் கால் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பையனுக்குத் தோள் அளவு எடுத்தபடி, அவன் அம்மாவிடம் அத்தை பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமா, பொண்ணுதான். இன்னும் வீட்டுக்கு வரல, வரப்போகுது. ரெண்டு பல்லு இருக்கு. யாரப் பார்த்தாலும் ஒரே சிரிப்பு. அப்படியே என்ன மாதிரி!"

அத்தை சிரித்துப் பார்த்தவர்கள் அந்தத் தெருவில் அதிகம் பேர் இல்லை. அந்தப் பெண் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"பெரிய மனசும்மா உங்களுக்கு. உங்கள மாதிரி யாரு சம்மதிப்பாங்க?"

"அதுல என்ன இருக்கு?" என்றார் அத்தை. காது வரைக்கும் சிவந்துவிட்டது. நாடாவைப் பையனின் இடுப்புக்குப் பதில் கழுத்தில் சுற்றினார்.

அவர்கள் போனதும் அத்தை நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார்.

"அத்தை, சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்லல. அது பொம்ம. பாடத்துக்காக..."

"பொம்மைன்னு எனக்குத் தெரியாதா? அதுக்குப் போன வருஷம் கவுன் தைச்சுக் கொடுத்தவளே நான்தானே?" அத்தை குண்டூசிகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டார். "முதல்ல வந்தவகிட்ட இல்லன்னுதான் சொல்ல வாயெடுத்தேன். அவ என் கையப் பிடிச்சுக்கிட்டு சந்தோஷத்துல அழுதுட்டா. எப்படிச் சொல்றது? ஆமான்னுட்டேன். அடுத்தவகிட்டயும் ஆமா. காலையிலருந்து வந்தவங்க அத்தனை பேருகிட்டயும் ஆமா, ஆமா. ஒருத்தராச்சும் ஒரு சொல்லு தப்பாச் சொல்லணுமே!" டப்பாவை மூடினார். "தப்பாச் சொன்னது நாந்தான்மா. வேற யாரும் சொல்லல."

டீச்சர் கடை மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு மரம் மாதிரி நிக்கிற? சனிக்கிழம தவறாம சாமியார்கிட்டப் பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்றவ நான். ஊரக் கூட்டிப் பொய் சொன்னேன்னு அந்தச் சின்ன வயசுச் சாமியார் முன்னாடி முட்டி போடணுமா? வெள்ளிக்கிழமை வரைக்கும் என்ன இழுவை? இப்பவே போனப் போடு."

டீச்சர் கைபேசியை எடுத்தாள். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்ததில் எண் எதுவும் தெரியவில்லை. ஒருவழியாக அழுத்தினாள். மணி போனது, யாரோ எடுத்தார்கள். இவளுக்கு வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. அத்தை வெடுக்கென்று அதைப் பிடுங்கிக் காதில் வைத்தார்.

"ஹலோ," என்றார். "பாப்பாவோட பாட்டி பேசுறேன்."