நெய்வேலிக்கு ஒரு தேதி கேட்டுப் போனேன்

சேலம் டவுன் ஸ்டேஷனிலிருந்து விருத்தாசலம் வண்டி காலை ஆறரைக்குக் கிளம்ப வேண்டும். ஏழு மணிக்குத்தான் அதற்கு மனசு வந்தது. 1966-ஆம் வருடம், தை மாதக் கடைசி. நெய்வேலிக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் மூன்று ரூபாய் எண்பது காசு. தூரம் ஏறக்குறைய நூறு மைல். இந்த நூறு மைலுக்குப் புறப்பட எங்கள் குடும்பத்துக்கு ஏழு வருடம் பிடித்திருக்கிறது.

என் அப்பா முத்துசாமி, 1959-இல் ஆனி மாதம், நெய்வேலிச் சுரங்கத்தில் மண் வெட்டும் கான்டிராக்ட் வேலைக்கு எங்கள் ஊரான பூலாம்பட்டியிலிருந்து போனார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாரையோ பிடித்து எழுதச் சொன்ன ஒரு கார்டு வந்தது, அவ்வளவுதான். அந்த வருடமே அங்கிருந்து திரும்பிய எடப்பாடிக்காரர் ஒருவர், அவர் செத்துவிட்டதாகக் கேள்வி என்றார். மூன்று வருடம் கழித்து இன்னொருவர், சம்பளப் பட்டியலில் முத்துசாமி பெயரைப் பார்த்ததாகச் சொன்னார். ஊருக்கு இது போதாதா? அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டார்கள். அம்மா பொட்டும் தாலியுமாகத்தான் இருந்தாள். ஆனாலும் அவளைக் கல்யாணம் காட்சிக்கு அழைக்கலாமா, கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் யாரும் அழைக்கவில்லை.

எனக்கு ஆரம்பப் பள்ளியில் வாத்தியார் வேலை கிடைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. முன்பே போயிருக்கலாம். பயம், வேறொன்றுமில்லை. கிளம்பும்போது அம்மா சொன்னாள்: "உசுரோட இருந்தாக் கூட்டியா. இல்லீன்னா நாளைத் தெரிஞ்சுக்கிட்டு வா. ரெண்டுல ஒண்ணைச் சொல்லு சாமி."

விருத்தாசலத்தில் வண்டி மாறி நெய்வேலி ஸ்டேஷனில் இறங்கியபோது மாலை நாலு. வெகு தூரத்திலிருந்தே அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டுகள் தெரிந்தன. சம பூமியில் மலை எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். அது மலையில்லை, சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய மண் என்று சிரித்தார். பக்கத்திலிருக்கும் மந்தாரக்குப்பத்தில் ஒரு மளிகைக்கடை மாடியில் இடம் கிடைத்தது. இரவுக்கு ஒன்றரை ரூபாய், பாய் தனி. கீழே டீக்கடையில் திருநெல்வேலியும் கோயமுத்தூரும் தெலுங்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை ஒன்பது மணி. சுரங்கத்துக்காக எடுக்கப்பட்ட ஓர் ஊரின் மணியக்காரர் மந்தாரக்குப்பத்தில் வாடகை அறையில் இருந்தார். அப்பா வேலை செய்த இடத்துச் சாவெல்லாம் அவருடைய ஜனன மரணப் பதிவில்தான் ஏறியிருக்கும் என்று மளிகைக்கடைக்காரர் சொல்லியிருந்தார். ஊர் போய்விட்டது; அங்கே பிறந்தவர்களும் இறந்தவர்களும் ஒரு தகரப் பெட்டியில் இருந்தார்கள். மணியக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, 1959 ஆனியிலிருந்து மார்கழி வரை பக்கம் பக்கமாகப் பார்த்தார். அவசரப்படாத மனிதர். முத்துசாமி இல்லை. மீண்டும் ஒருமுறை பார்த்தார்.

"செத்தவங்க எல்லாம் இதுல இருக்காங்க தம்பி. உங்கப்பா இல்ல. சந்தோஷமாப் போங்க" என்றார்.

சந்தோஷம் வரவில்லை. செத்திருந்தால் பாவம் அப்பா. சாகவில்லை என்றால் எங்களை விட்டுவிட்டார் என்றுதானே அர்த்தம்? டீக்கடையில் விசாரித்தேன். சேலத்து முத்துசாமியா, பர்மனென்ட் ஆயிட்டாரே, பதினாறாம் பிளாக் குவார்ட்டர்ஸ் என்று கடைக்காரர் சர்க்கரை போட்டபடியே சொன்னார். டீயை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தேன்.

டவுன்ஷிப் பஸ்ஸில் இருபது காசு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி சாலைகள். எல்லா வீடும் ஒரே வீடு. நம்பரைப் பார்த்துப் பார்த்துப் போய்க் கதவைத் தட்டினேன். முப்பது வயதுகூட இல்லாத ஒரு பெண் வந்தாள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு. அவர் ஷிஃப்டுக்குப் போயிருக்கிறார், ரெண்டரை மணிக்கு வந்துவிடுவார் என்று சொல்லி வாசலில் ஒரு ஸ்டூல் போட்டாள். ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று எட்டிப் பார்த்தது. அதன் நோட்டு தரையில் கிடந்தது. அட்டையில் 'மு. செல்வி' என்று எழுதியிருந்தது. நான் மு. வேலு. என் எழுத்தைத்தான் அதுவும் தலையில் வைத்திருந்தது. ஊர் சொன்னது உண்மைதான் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் குழந்தையை வெறுக்க முயன்று முடியாமல், வேலிப்பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். அப்பா வந்தால் முதலில் என்ன கேட்பது என்று நாலைந்து வாக்கியம் தயார் செய்தேன்.

இரண்டேமுக்காலுக்கு சைக்கிளில் வந்து இறங்கியவர் என் அப்பா இல்லை.

அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். என்னைப் பார்த்ததும் சைக்கிளை ஸ்டாண்டு போட மறந்து அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பேர் ஊர் எதுவும் அவர் கேட்கவில்லை.

"அதே மொகம்" என்றார். "உள்ள வாங்க. நான் முத்துசாமி இல்லீங்க. கோவிந்தன். குறிஞ்சிப்பாடி நம்ம ஊரு."

அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். கான்டிராக்டில் ஆளுக்கொரு டோக்கன். மேஸ்திரிக்கு நம்பர் தெரியும், முகம் தெரியாது. அப்பாவுக்குக் காலை ஷிஃப்ட், கோவிந்தனுக்கு அடுத்தது. ஒரு நாள் வராவிட்டால் டோக்கன் போய்விடும்.

"எனக்குக் கல்யாணம் ஆகி மூணு மாசம். ஆடிப் பதினெட்டுக்கு இவளுக்குத் தாலி பிரிச்சுக் கோக்கணும்னு மாமனார் வூட்டுல வரச் சொல்லிக்கினு இருந்தாங்க. உங்கப்பாருதான், நீ போய்ட்டு வாடா, உன் டோக்கன நான் பாத்துக்கறேன்னாரு. அவரு ஷிஃப்ட முடிச்சிட்டு என் ஷிஃப்டுலயும் எறங்கியிருக்காரு."

நாலு மணி வெயிலில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இடுப்பில் இருந்தது கோவிந்தனின் டோக்கன். இருட்டுவதற்குள் கோவிந்தன் என்று அடக்கம் செய்து, கோவிந்தன் என்றே பதிவும் செய்துவிட்டார்கள். மறுநாள் காலை உயிரோடு வந்து நின்றவரிடம் மேஸ்திரி, கோவிந்தன் செத்தாச்சு, வேலை வேணும்னா இனி நீதான் முத்துசாமி என்றிருக்கிறான். பிறகு பர்மனென்ட் ஆனபோதும் அந்தப் பெயர்தான்.

எங்களுக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். வேலைக் காகிதத்தில் முத்துசாமியின் ஊர் பூலாம்பட்டி என்று இருந்ததை அவர் மறைக்கவில்லை. "மூணு தடவ கார்டு வாங்கினேங்க. எழுதினா வேல போயிடும். பயந்துட்டேன். வருசா வருசம் அன்னிக்கு அவருக்கு ஒரு எலை போடறோம், வேற ஒண்ணும் செய்யல."

அடிக்கக் கை எழுந்தது. ஏழு வருடம் என் அம்மா வாழ்ந்த வாழ்க்கையை அந்த ஆளின் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். புகார் எழுதலாம்; வாத்தியார் ஆயிற்றே, நன்றாகவே எழுதுவேன். குழந்தை மறுபடி வந்து நோட்டை எடுத்துக்கொண்டு போயிற்று. இவர்களைத் தெருவில் நிறுத்தினால் அப்பா வந்துவிடப் போவதில்லை. இந்த உலகத்தில் என்னைத் தவிர அவர் எழுத்தைச் சுமப்பது அந்தக் குழந்தை ஒன்றுதான்.

மாலையில் கோவிந்தன் என்னைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து மூன்று மைல் மிதித்தார். ஒரு கம்பி வேலி வரைக்கும் போக முடிந்தது. அதற்கு அப்பால் அந்த மண்மலை. இடுகாடு அதற்கு அடியில் என்று கையைக் காட்டினார். எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பொதுவாகக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

மூன்றாம் நாள் காலை மறுபடி மணியக்காரர். அந்த ஆடிப் பதினெட்டுக்கு நேரான 1959 ஆகஸ்ட் மூன்றாம் தேதி, கோவிந்தன் என்று கேட்டேன். உடனே கிடைத்தது. யார் உங்களுக்கு என்றார். சொந்தக்காரர் என்றேன். அவர் நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு நகல் எழுதித் தந்தார். ஏழு கட்டங்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது, தொழில், இறந்த தேதி, காரணம். பெயர் அப்பாவுடையது இல்லை. தகப்பன் பெயரும் ஊரும் வயதும் இல்லை. தொழில் கூலி என்று இருந்தது. அது யாருக்கும் பொருந்தும். காரணம் ஜுரம். அந்தப் பக்கம் முழுக்க எல்லோருக்கும் ஜுரம்தான். தேதி ஒன்றுதான் அவருடையது.

திரும்பும் வண்டியில் உளுந்தும் கரும்புமாக ஊர்கள் போய்க்கொண்டிருந்தன. எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் ஆடிப் பதினெட்டு என்றால் என்ன என்று பூலாம்பட்டிக்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டுமா? காவிரியில் குளித்து, பூ விட்டு, சுமங்கலிகள் எல்லோரும் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளும் நாள். அம்மாவை யாரும் எதற்கும் அழைக்காவிட்டாலும் ஆற்றுக்கு யார் அழைக்க வேண்டும்? வருடம் தவறாமல் போவாள். அவர் செத்தது அடுத்த நாள், ஆடி அமாவாசையன்று என்று சொல்லிவிடலாமா என்று சின்னசேலம் தாண்டும்வரை யோசித்தேன். ஒரு நாள்தானே வித்தியாசம். ஆனால் அந்தக் காகிதத்தில் அப்பாவுடையதாக இருந்தது அது ஒன்றுதான். அதையும் நான் பொய்யாக்கிவிட்டால் அவருக்கு என்ன மிஞ்சும்?

வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் சொன்னேன். டோக்கனையும் கோவிந்தனையும் அந்தக் குழந்தையையும் சொன்னேன். கடைசியாக நாளைச் சொன்னேன்.

அம்மாவின் கை கழுத்துக்குப் போயிற்று. விரல் மடக்கி எண்ணினாள். அவர் செத்த அன்றைக்கும் சேர்த்து ஏழு கயிறு.

பிறகு, அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குத் தாலி பிரித்துக் கோத்தார்களா என்று கேட்டாள். கோத்தார்கள் அம்மா என்றேன்.

"அது ஒண்ணாச்சும் நெலைச்சுதே" என்று சொல்லிவிட்டு, முடிச்சை அவிழ்க்க வரவில்லை, கொஞ்சம் பிடி என்று என்னைக் கூப்பிட்டாள்.