படிக்கட்டின் அடியில் ஒரு ‘விடு’

கடந்த வியாழக்கிழமை காலை, திருவரங்கத்தில் என் வீட்டில் பெருமாளுக்குத் திருவாராதனம் முடித்துத் தீர்த்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. எங்கள் வாசகசாலைப் புதுப்பிப்பு வேலையைத் தொடக்கத்திலிருந்து பார்த்துவரும் மேஸ்திரி ஆரோக்கியம் பேசினார்.

“சாமி, மேடம் போயிட்டாங்க.”

“மணப்பாறைக்கா? ஒம்பது மணிக்கு என்னை வரச் சொல்லியிருந்தாங்களே!”

அவர் சொன்னது எனக்கு விளங்கவில்லை. மணப்பாறை எங்கள் பொறியாளர் அம்மையாரின் பிறந்த ஊர். தாயாரைப் பார்க்க வாரந்தோறும் போவார். ‘போயிட்டாங்க’ என்ற சொல்லுக்கு எனக்கு அந்த ஒரு பொருளே தெரிந்திருந்தது. ஆரோக்கியம் மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்ட பிறகுதான் கையிலிருந்த தீர்த்த வட்டில் நழுவியது. யாக்கை நிலையாதது என்று நாற்பது ஆண்டுகள் உபந்நியாச மேடைகளில் பேசியவன் நான். பேசிய சொற்களில் ஒன்றுகூட அன்று துணைக்கு வரவில்லை.

கட்டடப் பொறியாளர் செல்வநாயகி அம்மையார் ஐம்பத்தோராம் வயதில், தில்லைநகர் வீட்டில், விடியற்காலை மாரடைப்பால் காலமானார். அவர் மீட்டுக் கொடுத்த கட்டடம் திறக்கப்பட இன்னும் பதினொரு நாள்களே இருந்தன.

அவரை அறியாதவர்களுக்காக அந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உலகப் போர் ஓய்ந்து, நாடும் விடுதலை பெற்ற சில ஆண்டுகளில், பர்மாவிலிருந்து திரும்பிய ஒரு வணிகர் சிந்தாமணிப் பக்கம் கட்டிய பொது வாசகசாலை அது. தூண்களில் பூவேலை கிடையாது. வாசலில் வளைவு கிடையாது. விசிறியை மடித்தாற்போல மடித்த கான்கிரீட் கூரை. மேற்கு வெயிலைத் தடுக்கத் துளைத்துளையாகச் சிமெண்டில் வார்த்த ஜாலிச் சுவர். அந்தரத்தில் தொங்குவதுபோல ஒரு படிக்கட்டு. அறக்கட்டளைத் தலைவனாகிய நான் அதைக் ‘கிடங்கு’ என்றே அழைத்து வந்தேன். கூரையிலிருந்து காரை விழத் தொடங்கியதும் இடித்துவிட்டு, முகப்பில் கோபுரம் வைத்த மண்டபம் எழுப்பலாம் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்தும் இட்டேன். இடிப்பதற்குத் தகுதியானது என்று சான்று தரத்தான் அம்மையாரை அழைத்தோம்.

மூன்று நாள் ஒரு சிறு சுத்தியலால் கட்டடம் முழுவதையும் தட்டித் தட்டிக் கேட்டார். நான்காம் நாள் என்னிடம் வந்தார். “சாமி, இது நோயாளிதான். பொணம் இல்ல. பொணம்னு எழுதிக் குடுக்க என்னால ஆகாது.”

கூரை மடிப்புகளில் சருகு அடைத்து, மழைநீர் தேங்கி, உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்திருக்கிறது. அதை மட்டும் சீர்செய்தால் போதும் என்றார். நான் இசையவில்லை. அப்போது அவர் கேட்டார்: “கோயில்ல திருப்பணி நடக்கறப்ப பெருமாள எங்க வைப்பீங்க?” பாலாலயம் என்ற சிறு தற்காலிகச் சந்நிதியில் எழுந்தருளச் செய்வோம், பூசை ஒரு நாளும் நிற்காது என்று பெருமையோடு விளக்கினேன். “அப்போ இங்கயும் படிக்கறது ஒரு நாளும் நிக்கக் கூடாது சாமி” என்றார். மறுவாரமே வாசலில் தகரக் கொட்டகை போட்டு, பழைய நாளிதழ் மேசையை அதில் வைத்தார். வழக்கமாக வரும் முதியவர்கள் அங்கே படித்தார்கள். என் ஆகமத்தைக் கொண்டே என்னை வென்றார். தீர்மானத்தை நானே கிழித்தேன்.

அவர் வேலை செய்த முறையை நான் மறக்க இயலாது. கையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும். சுவரில் பழுதான இடத்தில் ‘எடு’ என்று எழுதுவார். நல்ல இடத்தில் ‘விடு’ என்று எழுதுவார். ஆள்கள் அதைப் பார்த்துத் தட்டியெடுப்பார்கள், அல்லது தொடாமல் நகர்வார்கள். பழசைக் காப்பதில் பிடிவாதக்காரரா என்றால், அதுவும் இல்லை. ஒரு நாள் என்னைக் கேட்டார்: “இத்தன வருஷமா இங்க பொம்பளைங்க யாருமே படிக்க வரல. ஏன்னு யோசிச்சிருக்கீங்களா?” ஆர்வம் இல்லாமையால் இருக்கலாம் என்றேன். “ஆர்வம் இல்லாம இல்ல சாமி. கக்கூஸ் இல்லாம.” பெண்களுக்கான கழிப்பறையைத்தான் முதலில் கட்டினார். பிறகு சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், போட்டித் தேர்வுக்குப் படிப்போர் மடிக்கணினியைச் செருக ஒவ்வொரு மேசையிலும் மின்இணைப்பு. அவ்வளவும் வந்தன, கட்டடத்தின் முகம் மட்டும் மாறவில்லை.

அந்த முகத்தில்தான் நான் பிழை செய்தேன்.

சென்ற மாதம் தாயாருக்கு உடல்நலமில்லை என்று அவர் மூன்று நாள் மணப்பாறைக்குப் போயிருந்தார். நெற்றியில் திருமண் இல்லாமல் தெருவில் இறங்காதவன் நான். திறப்பு விழாவுக்கு ஒரு கட்டடம் வெறும் சாம்பல் நிறத்தில் நிற்பது எனக்கு அமங்கலமாகப் பட்டது. ஆளை வைத்து, கோயில் மதிலைப்போல முன்சுவர் முழுவதும் சுண்ணாம்பு அடித்துக் காவிப் பட்டையும் இழுக்கச் செய்தேன். திரும்பி வந்த அம்மையார் பையைக்கூடக் கீழே வைக்காமல் சுவரருகே போய்ச் சுண்ணாம்பை விரலால் சுரண்டிப் பார்த்தார்.

“எனக்கு நாமம் போட்டிருந்தாக்கூடப் பரவால்ல சாமி. சுவத்துக்கே போட்டுட்டீங்களே!”

ஆள்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு முகம் சுருங்கியது. அதைக் கண்டு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கான்கிரீட்ட வார்த்த பலகையோட ரேகை அந்தச் சுவத்துல அப்படியே இருந்துச்சு. இழைச்ச ஆசாரி யாருன்னு நமக்குத் தெரியாது. அந்த ரேகைதான் அவரு. பூசினா அவரு போயிடுவாரு சாமி.”

“விழா முடியட்டும், பேசிக்கலாம்” என்று எழுந்து வந்துவிட்டேன். நான்கு நாள் ஆள்களோடு அவரும் தூரிகை பிடித்துச் சுண்ணாம்பைத் தேய்த்தெடுத்தார் என்று கேள்விப்பட்டேன், பார்க்கப் போகவில்லை. அவர் சொன்னதே சரி என்பது அன்று இரவே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் மன்னிப்பை மேடைக்கென்று எடுத்து வைத்தேன். எதுகை மோனையோடு நான்கு பக்கம் எழுதி மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் செருகினேன். அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

தகனம் முடிந்த மறுநாள், விழாவைத் தள்ளிவைப்பது பற்றிப் பேச அறக்கட்டளையினர் கூடினோம். உறுப்பினர் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “ஸ்வாமி, இப்போ தடுக்கறதுக்கு யாரும் இல்லை. ஒரு கோட் வெள்ளை அடிச்சுக் காவி போட்டுடலாமோ? நீங்களே ஆசைப்பட்டேளே.”

அவரிடம் வஞ்சகம் இல்லை. என் ஆசையைத்தான் எனக்கு நினைவூட்டினார். பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று ஆரோக்கியத்தை அழைத்துக்கொண்டு போனேன்.

முன்சுவர் பலகை ரேகைகளோடு சுத்தமாக நின்றது. அதன் கோடியில், படிக்கட்டின் அடியில், குனிந்தால் மட்டுமே தெரியும் இடத்தில், ஒரு முழ நீளத்துக்கு என் சுண்ணாம்பும் காவியும் அப்படியே இருந்தன. பக்கத்தில் சாக்பீஸில், அவருடைய சாய்ந்த கையெழுத்தில் ஒரே சொல்: விடு.

“தேச்சுக்கிட்டே வந்தோம் சாமி. இங்க வந்ததும் நிறுத்துன்னாங்க. ‘பெரியவர் ஆசையாப் போட்டது, கொஞ்சம் இருக்கட்டும்ணே’ன்னாங்க. தெறப்பு விழா அன்னைக்கு உங்களக் கூட்டியாந்து காட்டணும்னு இருந்தாங்க.”

அவரும் ஒன்றை விழாவுக்கென்று எடுத்து வைத்திருந்தார்.

கூட்டத்துக்குத் திரும்பி, “சுவரை விட்டுடுங்கோ” என்றேன். வேறு விளக்கம் தரவில்லை. எவரும் கேட்கவும் இல்லை. குறித்த நாளில் கட்டடம் திறக்கப்படும். சொற்பொழிவு கிடையாது. கொட்டகையில் இருக்கும் மேசையை அதில் படித்தவர்களே தூக்கி உள்ளே கொண்டுபோவார்கள். பெருமாள் பாலாலயத்திலிருந்து மூலஸ்தானத்துக்குத் திரும்புவதுபோல. அவ்வளவே விழா.

‘விடு’ என்பதிலிருந்தே ‘வீடு’ என்ற சொல் பிறந்தது, பற்றுகளை விடுவதே வீடுபேறு என்று எத்தனையோ மேடைகளில் பொருள் சொல்லியிருக்கிறேன். குனிந்து, முழங்காலிட்டு அந்தச் சொல்லை நான் படித்தது இதுவே முதல்முறை.

சாக்பீஸ் எழுத்து கை பட்டால் அழிந்துவிடும். அதைச் சுற்றி ஒரு சிறு கண்ணாடி பொருத்த ஆரோக்கியத்திடம் சொல்லியிருக்கிறேன்.

அம்மா, என்னை மன்னித்துவிடுங்கள். நீங்கள் சென்றிருப்பது மீளாத ஊர் என்று நான் கற்ற நூல்கள் எல்லாம் சொல்கின்றன. என் வாய்க்கோ உங்கள் ஊர்ப் பேச்சுதான் வருகிறது. போயிட்டு வாங்க.